மிக அருகில் இருக்கும் வண்டி

சாஸ்கட்டூனில் இன்றிரவு மைனஸ் முப்பத்தாறு.
எஞ்சின் உறையாதிருக்க
கார்களைக்கூட மின்சாரத்தில் செருகிவைக்கிற ஊர்.
என் இடக்காதில் தொலைபேசி, வலக்காதில் ரேடியோ.
பதினோரு வருடமாக இப்படித்தான்,
ஒரு காதில் அலறல் வரும்
மறு காதுப் பக்கம் அதை முகவரியாக்கி அனுப்புவேன்.

இரண்டு பதினான்குக்கு ஒரு பெண் கேட்டாள்:
"யாரை அனுப்புவீங்க?"

வழக்கமாகச் சீக்கிரம் என்பார்கள்,
கொல்றான் என்பார்கள்,
தெருப்பெயரைப் பாதியில் விழுங்குவார்கள்.
இவள் கேட்டது, இன்றைக்கு என்ன மீன்
என்று உணவகத்தில் விசாரிப்பதுபோல இருந்தது.

முகவரி தானே திரையில் விழுந்தது.
போன ஜூலையில் அந்த வீட்டுக் கொல்லையில்
சோளம் சுட்டுத் தின்றிருக்கிறேன்.
மார்லா. ஹலுஷ்காவின் மார்லா.
அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை.
கொசு, என்றாள்.
ஆமாம் கொசு, என்றேன் நானும்.

கணினி தன் வேலையைச் செய்தது.
மிக அருகில் இருக்கும் வண்டி: இருபத்தேழு.
தூரம்: பூஜ்யம்.
நிலை: உணவு இடைவேளை.
இருபத்தேழு என்பது அவன்தான்.

அவன் காதில் என்னென்ன போட்டேன் என்று எனக்குத் தெரியும்.
குளியல்தொட்டிக் குழந்தையிடம் நான்தான் அனுப்பினேன்.
அதே வாரம், இரட்டைப் பணியின் மூன்றாம் நாள்,
பாலத்துக் கம்பிக்கு அந்தப்பக்கம் நின்ற மாணவனிடம்.
ஆறு நிமிடம் பேசினான்.
ஏழாவது நிமிடம் ரேடியோவில் வெறும் காற்று.
பிறகு, "இருபத்தேழு, தயார்."
மனநல ஆலோசனைப் படிவத்தை நான்காக மடித்து
ஆடுகிற மேசைக்காலுக்கு முட்டுக்கொடுத்தான்.
எல்லாரும் சிரித்தோம்.

அதெல்லாம் உண்மை.
சார்ஜெண்ட் வீப் அத்தனை பேர் முன்னால் கிழித்தபோது
அவன் கைகள் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தன,
அதுவும் உண்மை.
முகத்தில் துப்பிய குடிகாரனை
தலை இடித்துவிடாமல்
உள்ளங்கை வைத்துக் காரில் ஏற்றினானே,
அந்தக் கைக்கு
எங்கே அடங்க வேண்டும் என்று தெரியும்.

"யாரை?" என்றாள் மறுபடி.
லெமே அவர்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன்.
ஃபிரீசனோடு ஞாயிறுதோறும் ஹாக்கி.
மற்ற இருவரும் நவம்பரில் வந்தார்களாம்,
வாசலில் அவனோடு ஒரு சிகரெட் பிடித்துவிட்டு
"நல்லா தூங்குங்க மார்லா" என்று போனார்களாம்.
தேடிப் பார்த்தேன்.
நவம்பரில் அந்தத் தெருவுக்கு ஒரு வரி பதிவில்லை.

எல்லைக்கு வெளியே வேறு படையை அழைத்தேன்.
பனிச்சாலை, இருபத்துமூன்று நிமிடம் என்றார்கள்.
எங்கே இருக்கீங்க, மார்லா?
துணி துவைக்கிற அறை.
மெஷின் ஓடுகிறதே?
"அவர் சட்டை. காலையில வேணும்."

பிறகு கதவு.
கதவுக்கு அந்தப்பக்கம் அவன் சொன்னதை
நான் எழுதப்போவதில்லை, பதிவில் இருக்கிறது.
கொஞ்ச நேரம் மெஷின் மட்டும்.
அப்புறம் வலக்காதில்
துடைத்துவைத்த மேசைபோல அதே குரல்:
"இருபத்தேழு. சாப்பாடு முடிஞ்சது. தயார்."

அந்தக் குரலுக்கு நான் பொய் சொன்னதே இல்லை.
வடக்குத் தொழிற்பேட்டை, கிடங்கில் அலாரம், என்றேன்.
எந்தக் கிடங்கும் கத்தவில்லை.
போக பன்னிரண்டு, திரும்பப் பன்னிரண்டு.
"போறேன்," என்றான். "இந்தக் குளிர்ல உனக்காக."

இடக்காதில் எஞ்சின், பிறகு ஏதோ தரையில் இழுபட்டு
பட்டென்று அறும் சத்தம்.
"ஒயரைப் பிடுங்காமலே போயிட்டார்" என்றாள் மார்லா.
அரைமணி நிறுத்தினாலும் மறக்காமல் செருகுகிறவன்,
வண்டியை அப்படிப் பார்த்துக்கொள்கிறவன்.
அவள் சிரித்தாளா என்று தெரியவில்லை.
வைக்காதீங்க, என்றேன்.
இன்னும் பதினேழு நிமிடம்.